இரண்டு எஞ்சினை ஒரே பின்சக்கரத்துக்குப் பூட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: "என்னிடம் ஒரே மாதிரியான பழைய 650 சிசி புஷ்ராட் எஞ்சின்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே இரட்டை சிலிண்டர். இவற்றை ஒரே ஃப்ரேமில் ஏற்றி, வேகச் சாதனை ஓட்டங்கள் நடக்கும் அமெரிக்காவின் போன்வில் உப்புத் தரையில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. எப்படி இணைப்பது? இல்லை, இவ்வளவு சிரமப்படுவதற்கு ஒரே எஞ்சினில் டர்போ வைத்துவிடலாமா?"

டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) முதலில் பேசிவிடலாம். குதிரைத்திறன் மட்டும்தான் வேண்டும் என்றால், இன்றைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வாங்கி டர்போ பொருத்துவதுதான் செலவும் வேலையும் குறைந்த வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது பழைய புஷ்ராட் எஞ்சின், அதாவது வால்வுகளை நீளத் தள்ளுகோல்கள் வழியே திறக்கும் வகை. அதன் கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) அதைச் சுற்றிய கிராங்க்கேஸும் பெரிய பூஸ்ட் அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒன்றை இரண்டு மடங்கு வதைப்பதைவிட இரண்டை அளவோடு வேலை வாங்குவது அந்த உலோகத்துக்கு நல்லது. தவிர, டர்போ வைத்தால் போட்டிப் பிரிவே மாறிவிடும்.

ஆகவே இரட்டை எஞ்சின் நியாயமான முடிவுதான். ஆனால் இரண்டு எஞ்சினை ஃப்ரேமில் உட்கார வைப்பது மொத்த வேலையில் கால்வாசிகூட இல்லை. இரண்டும் ஒரே எஞ்சின் போல நடந்துகொள்ளும்படி செய்ய வேண்டும், கிடைக்கும் சக்தியை உப்பின் மேல் இறக்க வேண்டும். உழைப்பெல்லாம் அங்கேதான் போகும்.

காகிதக் கணக்கிலிருந்து தொடங்குவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும்; அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனமாக ஏறும். இரண்டின் கனமூலம் 1.26. அதாவது சக்தியை இரட்டிப்பாக்கினால் வேகம் அதிகபட்சம் 26 சதவீதம்தான் கூடும். ஓட்டுபவர் டேங்க் மேல் படுத்துக்கொண்டு ஓட்டும், ஓரளவு ஃபேரிங் (காற்றை விலக்கும் உறை) உள்ள வண்டிக்கு, முகப்புப் பரப்பையும் எதிர்ப்புக் குணகத்தையும் பெருக்கினால் 0.25 சதுர மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் 50 குதிரைத்திறன் கிடைத்தால் காற்றை மட்டும் கணக்கில் எடுத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வருகிறது. 100 கிடைத்தால் 300ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. உப்பின் உருளும் எதிர்ப்பு, டயர் வழுக்கல் எல்லாம் போக, உங்கள் இரண்டு எஞ்சினுக்கும் 280 என்பது யதார்த்தமான இலக்கு. போன்வில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் காற்று இன்னும் மெலிந்திருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் சக்தியில் ஏழில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கும். உங்கள் ஊர் டைனோவில் (சக்தி அளக்கும் இயந்திரம்) வரும் எண்ணை அப்படியே அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது எஞ்சினின் பெரிய சாதகம், அது முகப்புப் பரப்பைக் கூட்டுவதில்லை என்பதுதான். முதல் எஞ்சினுக்குப் பின்னால், அதன் நிழலிலேயே உட்கார்ந்துகொள்கிறது. வண்டி நீளுமே தவிர அகலாது. நீளமான வண்டி நேர்கோட்டில் நிலையாகப் போகும் என்பதும் உப்பின் மேல் லாபம்தான்.

இன்னொரு சாதகம் எடை. சாதாரணமாகப் பந்தய வண்டி என்றால் ஒவ்வொரு கிராமையும் குறைக்கப் பார்ப்பார்கள். உப்புத் தரையில் கதை வேறு. மேலே சொன்ன வண்டியை 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வைக்க, பின் டயர் தரையை ஏறக்குறைய 90 கிலோ விசையோடு தள்ள வேண்டும். நன்றாகக் காய்ந்து இறுகிய உப்பில் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தாலும், பின் சக்கரத்தின் மேல் 150 கிலோ இருந்தால்தான் அந்த விசை கிடைக்கும். அதுவும் வேகத்தைத் தக்கவைக்க மட்டுமே. வேகத்தைக் கூட்ட இன்னும் வேண்டும். உப்பு ஈரமாக இருந்தால் குணகம் இன்னும் கீழே போகும். இதே வண்டி 400ஐத் தொட வேண்டுமானால் 260 கிலோவுக்கு மேல் பின் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் வண்டிக்காரர்கள் இதற்காகவே பின்பக்கம் ஈயக் கட்டிகளைப் பூட்டுகிறார்கள். அந்த ஈயத்தின் இடத்தில் சக்தி தரும் ஓர் எஞ்சினை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். இரட்டை எஞ்சின் யோசனையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

வரலாறும் இதற்குச் சாட்சி. 1966இல் பாப் லெப்பன், இரண்டு ட்ரையம்ப் 650 எஞ்சின்கள் பொருத்திய ஜைரோநாட் எக்ஸ்-1 வண்டியில் மணிக்கு 245.667 மைல், அதாவது 395 கிலோமீட்டர் தொட்டார். உங்களிடம் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு எஞ்சின் ஜோடிதான். ஆனால் அவர் முழு உறை மூடிய ஸ்ட்ரீம்லைனருக்குள் படுத்திருந்தார். உங்கள் திட்டத்துக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த உறை தந்தது. 1970 செப்டம்பரில் டான் வெஸ்கோ இரண்டு 350 சிசி யமஹா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை வைத்து 251.66 மைல் போனார். மொத்தம் 700 சிசிதான். 1,300 சிசி வைத்திருந்தவரின் எண் உடைந்தது. 1975இல் அவரே இரண்டு யமஹா டிஇசட்750 எஞ்சின்களோடு 302.928 மைல் ஓடி, 300 மைலைத் தாண்டிய முதல் மோட்டார் சைக்கிள் சாதனையைப் படைத்தார். 1978இல் டர்போ வைத்த இரண்டு கவாசாகி எஞ்சின்களில் 318.598. 1990இல் டேவ் காம்போஸ், ஹார்லி பாணி வி-ட்வின் எஞ்சின்கள் இரண்டு பூட்டிய ஈஸிரைடர்ஸ் வண்டியில் 322.150. அது 16 வருடம் நின்றது. 2010இல் ராக்கி ராபின்சன், மைக் அகாடிஃப் கட்டிய ஆக் அட்டாக் வண்டியில் 376.363 மைல், அதாவது 605.697 கிலோமீட்டர் ஓடினார். அதற்குள்ளே இருப்பவை டர்போ வைத்த இரண்டு சுசுகி ஹயபூசா எஞ்சின்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2006இல் ராபின்சன் 342.797 மைல் ஓடி இரண்டே நாளில் கிறிஸ் கார் 350.884 மைல் ஓடி அதைப் பறித்தார். அவருடைய வண்டி டெனிஸ் மேனிங் கட்டியது. உள்ளே இதற்கென்றே வார்த்துச் செய்த ஒரே ஒரு 3,000 சிசி வி4 எஞ்சின். 2009இல் அதே வண்டி 367.382 வரை போனது. ஆக் அட்டாக்கின் சக்தி 900 குதிரைத்திறனுக்கு மேல் என்பார்கள். மேனிங்கின் வி4 சுமார் 500தான். ஏறக்குறைய பாதி சக்தியில் கிட்டத்தட்ட அதே வேகம்! உறையின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கேம்ஷாஃப்ட்டில் போடாதீர்கள், ஃபேரிங்கில் போடுங்கள்.

பிரிவு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். எத்தனை எஞ்சின் இருந்தாலும் கொள்ளளவைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 650 இரண்டு சேர்ந்தால் 1,300. அது 1,350 சிசி பிரிவுக்குள் நெருக்கிப் பிடித்தாற்போல் உட்காருகிறது. 750 இரண்டு வைத்திருந்தால் 1,500 ஆகி 1,650 பிரிவுக்குப் போய், 150 சிசி குறைவோடு மற்றவர்களோடு மோத வேண்டியிருக்கும். புஷ்ராட் எஞ்சின்களுக்குத் தனிப் பதிவுகளும் உண்டு. பெட்ரோலா, மெத்தனால் போன்ற எரிபொருளா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மெத்தனாலுக்கு ஜெட்டும் (கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளை) பம்பும் குழாயும் இரண்டு மடங்குக்கு மேல் பாய விட வேண்டும். இரண்டு எஞ்சின் வேறு என்பதால் டேங்கிலிருந்து வரும் குழாய் போதாமல் போவது சுலபம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிக் குழாய் எடுங்கள்.

இனி இணைப்பு. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள்.

வழிகள் பல உண்டு. இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனி கியர்பாக்ஸ் வைத்து, வெளியே வரும் செயின்களை ஒரு நடுத்தண்டில் சேர்ப்பது ஒன்று. பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் இரண்டு கிளட்சும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், இரண்டு கியரும் ஒரே கணத்தில் மாற வேண்டும். ஒன்று மூன்றாவதிலும் மற்றது நான்காவதிலும் ஒரு நொடி இருந்துவிட்டால் ஏதாவது உடையும். அந்தப் பக்கமே போக வேண்டாம். பற்சக்கரத்தால் கிராங்கையும் கிராங்கையும் நேராகக் கோப்பது இன்னொன்று. பற்சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும் என்பதால் ஓர் எஞ்சினைத் தலைகீழாக ஓட்ட வேண்டிவரும். டூ-ஸ்ட்ரோக் என்றால் அது பெரிய காரியமில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப் எல்லாவற்றிலும் கைவைக்க நேரும். நடுவில் இன்னொரு பற்சக்கரம் வைத்துத் திசையைச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு நல்ல கேஸ் ஒன்றைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கும் வசதி வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது கிராங்கிலிருந்து கிராங்குக்குச் செயின் அல்லது பல்பட்டை. முன் எஞ்சினின் கியர்பாக்ஸைக் கழற்றிவிடுங்கள். அதன் கிராங்க் முனை ஸ்ப்ராக்கெட், பின் எஞ்சினின் கிராங்க் முனைக்குச் செயினால் சேரும். பின் எஞ்சினிலிருந்து வழக்கமான ப்ரைமரி செயின் கிளட்சுக்குப் போகும். ஒரே கிளட்ச், ஒரே கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் தனியாக இருக்கும் பழைய வடிவம் என்றால் இன்னும் வசதி. எஞ்சின் தகடுகளை வெட்டி நகர்த்தி வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, பின் எஞ்சினின் கிராங்க் முனை. அதில் இப்போது இரண்டு ஸ்ப்ராக்கெட் இருக்கும். மெயின் பேரிங்கிலிருந்து வெளியே நீளும் அந்தத் தண்டு, ஒரு செயினுக்காக அளவெடுத்தது. இரண்டு செயின் இழுக்கும்போது அது வளையும், சில ஓட்டத்தில் களைத்து முறியும். கிளட்சுக்குப் போகும் செயின்தான் இரண்டு எஞ்சினின் முறுக்கையும் சுமக்கிறது. அதனால் அதை பேரிங்கை ஒட்டி உள்பக்கம் வையுங்கள். எஞ்சின்களைச் சேர்க்கும் செயின் வெளிப்பக்கம் வரட்டும். அதற்கும் வெளியே, தண்டின் முனையைத் தாங்க ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் துணை பேரிங் ஒன்று வையுங்கள். அந்தத் தகடு கிராங்க்கேஸோடு டவல் பின் வைத்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஃப்ரேமில் மாட்டினால் ஃப்ரேம் முறுக்கும்போதெல்லாம் பேரிங்கும் கிராங்கும் ஒன்றோடொன்று சண்டை போடும். இரண்டு எஞ்சினையும் ஒரே ஜோடி நீளத் தகட்டுக்கு நடுவில் பூட்டி, மொத்தத்தையும் ஒரே கட்டையாக ஃப்ரேமுக்குள் இறக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். எஞ்சின்களுக்கு நடுவே ரப்பர் புஷ் எதுவும் கூடாது.

அளவுகளைப் பார்ப்போம். இரண்டு கிராங்கும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் ஒரே எண்ணிக்கைப் பல். இரட்டைப்படைப் பல் எண்ணிக்கை என்றால், அரை இணைப்பு வைக்காமல் செயின் சரியாக உட்கார, கிராங்குகளின் மைய இடைவெளி செயின் பிட்ச்சின் (ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) முழு மடங்காக இருக்க வேண்டும். எஞ்சின் தகட்டில் துளை போடுவதற்கு முன்பே இதைக் கணக்கிடுங்கள். ஒரு எஞ்சினின் துளைகளைக் கொஞ்சம் நீள்துளையாக்கி, தள்ளி இறுக்க ஒரு திருகு வைத்தால் தேய்மானத்தைச் சரிசெய்யலாம். பல் எண்ணிக்கை நான்கால் வகுபடுவதாகவும் இருக்கட்டும். 24 பல் என்றால் ஒரு பல் தள்ளினால் 15 டிகிரி. 180 டிகிரி வேண்டுமானால் சரியாக 12 பல். இதே 24 பல்லில் மூன்று-எட்டு அங்குல பிட்ச் செயின் 7,000 சுற்றில் நொடிக்கு 26 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் எண்ணெய் இல்லாமல் செயின் நிலைக்காது. மூடிய கேஸும், உள்விளிம்பின் மேல் எண்ணெய் விழும் வழியும் வேண்டும். இதில் மெனக்கெட விருப்பமில்லை என்றால் பல்பட்டை. எண்ணெய் வேண்டாம், பழைய கேஸ் ஒழுகுமே என்ற கவலையும் இல்லை. ஆனால் அகலமான பட்டை வேண்டும்; அகலம் கூடக் கூட கிராங்க் முனையின் நீளமும் கூடும். இரண்டிலும் நான் செயின் பக்கம்தான். உப்புப் பொடி பட்டையின் பல்லிடுக்கில் ஏறி அதைத் தின்றுவிடும்.

12 பல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் எஞ்சின் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் 360 டிகிரி வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. இரண்டு எஞ்சினையும் 180 டிகிரி தள்ளிக் கோத்தால், ஒன்றின் பிஸ்டன்கள் மேலே இருக்கும்போது மற்றதன் பிஸ்டன்கள் கீழே. நான்கு வெடிப்பும் சம இடைவெளியில் வரும். முன்னும் பின்னும் உள்ள முதல்நிலை அதிர்வு விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது வண்டியை முன்பின்னாக ஆட்டப் பார்க்கும் ஓர் இரட்டை விசை. அதை நீளத் தகடுகள் தாங்கிக்கொள்ளும். பின்சக்கரத்துக்குப் போகும் துடிப்பும் மென்மையாக இருப்பதால் உப்பில் வழுக்கல் குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு. முன் எஞ்சின் வெடிக்கும்போது செயினின் ஒரு பக்கம் இறுகும். அடுத்த அரைச் சுற்றில் பின் எஞ்சின் வெடித்து முன்னே பாய, முன் எஞ்சின் அமுக்கத்தில் தயங்கி நிற்க, அதே பக்கம் தளர்ந்து எதிர்ப்பக்கம் இறுகும். சுற்றுக்குச் சுற்று இந்த அடி விழும். அதனால் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் உதவாது. இரண்டு பக்கமும் நிலையான, திருகிப் பூட்டும் அழுத்துபட்டை வேண்டும். இரண்டு எஞ்சினையும் ஒரே நேரத்தில் வெடிக்க விட்டால் இணைப்புச் செயினுக்கு இந்தத் தொல்லை குறையும். ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பின் டயர் எல்லாம் இரண்டு மடங்கு அடியை வாங்கும். அப்படிக் கட்டி ஓட்டியவர்களும் உண்டு. நான் 180 டிகிரியைத்தான் தேர்வேன்.

இக்னிஷனில் சிக்கனம் பார்க்காதீர்கள். பின் எஞ்சினில் ஒரு மேக்னெட்டோ (ஸ்பார்க்குக்கான மின்சாரம் தரும் கருவி) வைத்து அதிலிருந்தே முன் எஞ்சினுக்கும் ஸ்பார்க் எடுக்கத் தோன்றும். செயின் கொஞ்சம் நீண்டாலும் முன் எஞ்சினின் டைமிங் சில டிகிரி நகர்ந்துவிடும். அதிக அமுக்கம் உள்ள எஞ்சினுக்கு அந்தச் சில டிகிரி போதும், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு எஞ்சினும் தன் சொந்தக் கிராங்கிலிருந்தே டைமிங் சமிக்ஞை எடுக்கட்டும். அப்போது செயின் நீண்டால் அதிர்வு கொஞ்சம் மாறுமே தவிர எஞ்சினுக்கு எதுவும் ஆகாது.

கலவை அடுத்தது. இரட்டை எஞ்சின் வண்டியில் சோர்ந்த எஞ்சினை நல்ல எஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. சத்தத்தில் கண்டுபிடிப்பது கடினம். வேகம் மட்டும் வராது. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயிலும் ஒரு வெப்ப உணரி, எல்லாவற்றையும் பதிவு செய்யும் சிறு லாகர் ஒன்று, இவை இரண்டும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பின் எஞ்சின் எப்போதும் சூடாக இருக்கும். முன் எஞ்சின் மேல் பட்டுச் சூடான காற்றுதான் அதற்கு வருகிறது, அதன் எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு முன்னால்தான் முன் எஞ்சினின் கார்புரேட்டர்கள் இருக்கின்றன. நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். முன் கார்புரேட்டர்களுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய் விடுங்கள். பின் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெரிய ஜெட் போட்டுத் தொடங்குங்கள். நான்கு கார்புரேட்டர்களையும் ஒரு கைப்பிடி இழுக்கும் என்பதால் நான்கு தனி கேபிள் ஓடவிடாதீர்கள். ஒரே தண்டில் நான்கையும் கோத்துவிட்டு அந்தத் தண்டுக்கு ஒரு கேபிள். திரும்பி வரும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

கிளட்ச் இரண்டு எஞ்சினின் முறுக்கைத் தாங்க வேண்டும். பழைய கிளட்ச் தாங்காது. கூடுதல் தட்டு, இறுக்கமான ஸ்பிரிங், முடிந்தால் நவீன கிளட்ச் ஒன்றை அடாப்டர் வைத்துப் பொருத்துங்கள். கியர்பாக்ஸ் நீங்கள் பயப்படும் அளவு பிரச்சினை தராது. உப்பில் டயர் வழுக்கிவிடுவதால் பற்களுக்கு முழு அடி விழாது. தார்ச்சாலை இழுவைப் பந்தயத்தில்தான் இரட்டை எஞ்சின் வண்டிகள் கியர்பாக்ஸைத் தின்றன. 1970களில் டாம் கிறிஸ்டென்சன் ஓட்டிய, இரண்டு நார்ட்டன் எஞ்சின் பூட்டிய ஹாக்ஸ்லேயர் போன்ற வண்டிகளின் உலகம் அது. அவர்களுக்குப் பிடி அதிகம், தூரம் குறைவு. உங்களுக்கு மைல் கணக்கில் தூரம் இருக்கிறது, பிடிதான் இல்லை. முதல் இரண்டு மைல் மெதுவாகக் கட்டி ஏற்றுங்கள்.

ஃப்ரேமைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எடை மையம், பக்கக் காற்று தள்ளும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டாவது எஞ்சினைப் பின்னால் தள்ளி, மேலே நீளமான ஃபேரிங்கும் முன்னால் மாட்டினால் இரண்டும் இடம் மாறிவிடும். குறுக்குக் காற்று ஒன்று வீசினால் வண்டி காற்றுக்கு முகம் காட்டாமல் முதுகு காட்டத் திரும்பும். பின் டயரில் எடை வேண்டும் என்று மேலே சொன்னதும் இதுவும் முரண்தான். இரண்டுக்கும் நடுவில்தான் எஞ்சின்களின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பின்பக்கம் ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் வால் போன்ற செங்குத்துப் பரப்பு கொஞ்சம் கொடுத்தால் காற்று மையம் பின்னால் நகரும். முன் ஃபோர்க்கின் சாய்வையும் ட்ரெயிலையும் (ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சாலை வண்டியைவிடக் கூட்டுங்கள். ஸ்டியரிங் டேம்பர் கட்டாயம்.

டயரில் வேக மதிப்பு இல்லாத எதையும் போடாதீர்கள். 320 கிலோமீட்டரில் டயர் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் புவியீர்ப்பைப் போல 2,500 மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். அதைவிட உள்ளே இருக்கும் நான்கு கிராம் வால்வு மூடிகூடப் பல கிலோவாக நடந்துகொள்ளும். அதனால்தான் ரப்பர் வால்வுக்கு இடமே இல்லை; உலோக வால்வு, உலோக மூடி.

கியர் விகிதத்துக்கு எளிய கணக்கு: 280 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 77.8 மீட்டர். டயர் சுற்றளவு 2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 2,333 சுற்று. பத்து சதவீதம் வழுக்கலைச் சேர்த்தால் 2,570 அளவில் வரும். எஞ்சின் உச்ச சக்தி 6,800 சுற்றில் என்றால் மொத்த விகிதம் 2.65. பல் ஒன்று கூடவும் குறையவும் உள்ள பின் ஸ்ப்ராக்கெட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். உப்பின் ஈரம் நாளுக்கு நாள் மாறும்.

ஸ்டார்ட் செய்வதற்கு உதைகோலை நம்ப வேண்டாம். நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் உதைத்துச் சுழற்றுவது பாவம். உருளை வைத்தோ, வண்டியால் தள்ளியோ கிளப்புங்கள். மணிக்கட்டில் கட்டும் கயிற்றுச் சுவிட்ச் இரண்டு இக்னிஷனையும் ஒரே இழுப்பில் அணைக்க வேண்டும். இதைத் தரையில் நின்றபடி, ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அணைந்து மற்றது ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்ச் இருந்தும் பயனில்லை. இணைப்புச் செயின் ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அதன் மேல் எஃகுக் கவசம் வேண்டும். ஃபைபர் கிளாஸ் மூடி கவசமாகாது. இன்னொன்று, ஓர் எஞ்சின் சிக்கிக்கொண்டால் மற்றதும் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஓட்டம் முழுக்க இரண்டு விரல் கிளட்ச் லிவர் மேலேயே இருக்கட்டும். எஞ்சின்களுக்கு நடுவில் ஒருவழி கிளட்ச் வைத்து இதைத் தவிர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒருமுறை நழுவினால் 180 டிகிரி ஒழுங்கு போய்விடும். பிறகு அதிர்வு வண்டியைக் குலுக்கி எடுக்கும்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக டைனோவில் ஏற்றி, இரண்டின் சக்தி வளைவும் ஒத்துப்போகும்வரை சரிசெய்யுங்கள். அப்புறம் தகட்டில் பூட்டி, ஸ்பார்க் இல்லாமல் வெளியிலிருந்து சுழற்றிச் செயினின் வரிசையைப் பாருங்கள். அதன் பிறகே ஒன்றாக ஓட்டுங்கள். போன்வில்லில் புதியவரை முதல் நாளே முழு வேகத்தில் விடமாட்டார்கள். 125, 150, 175, 200 மைல் என்று படிப்படியாகத்தான் உரிமம் ஏறும். அது உங்கள் வண்டிக்கும் நல்லது. ஒவ்வொரு படி முடிந்ததும் ஓட்டத்தின் கடைசியில் த்ராட்டிலைத் திறந்தபடியே ஸ்பார்க்கை அணைத்து, கிளட்சை இழுத்து உருண்டு வந்து நில்லுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். செயின் மூடியைத் திறந்து தொய்வை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொய்வு முந்தைய ஓட்டத்தைவிடக் கூடியிருந்தால் துணை பேரிங் தகட்டின் போல்ட்டுகளைத்தான் முதலில் பாருங்கள். அவை தளரத் தொடங்கியிருந்தால் அன்றைக்கு அடுத்த படிக்குப் போக வேண்டாம்.